கேப் போடச் செதுக்கிய பல்லுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கேள்வி: என் மகள் பி.டி.எஸ். படிக்கிறாள். கிரவுனுக்காக, அதாவது பல்லின் மேல் மாட்டும் கேப்புக்காக, அவள் செதுக்கிய பிளாஸ்டிக் கடைவாய்ப்பல்லுக்கு ஓர் ஆசிரியர் பத்துக்கு ஏழும், இன்னொருவர் நான்கும் போட்டிருக்கிறார்கள். மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலையை அளந்து பார்த்து மதிப்பெண் போட முடியாதா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அளக்க முடியும், ஆனால் எதை அளப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் என்றால், கடிக்கும் பரப்பில் ஏறத்தாழ 1.5 முதல் 2 மி.மீ. வரை ராவ வேண்டும். குறைவாக ராவினால் பீங்கான் மெலிந்து உடையும், அதிகமானால் நரம்பை நெருங்கிவிடும். இதைச் சோதிக்க, செதுக்கும் முன்பே பல்லின் மேல் சிலிகான் புட்டியை அழுத்தி அச்செடுத்து, அதைக் குறுக்கே வெட்டி வைத்துக்கொள்வார்கள்; பிறகு மீண்டும் பொருத்தினால் தெரியும் இடைவெளிதான் ராவிய அளவு. அந்த இடைவெளியை மில்லிமீட்டர் கோடுகள் போட்ட புரோப் என்ற மெல்லிய கருவியால் பார்க்கிறார்கள் என்பதால், கோடுகளுக்கு இடைப்பட்ட அரை மில்லிமீட்டர் அவரவர் கண்ணைப் பொறுத்தது.

பக்கச் சுவர்களின் சாய்வு இன்னும் சிக்கலானது. எதிரெதிர்ச் சுவர்கள் மேல்நோக்கிக் குவியும் கோணம் 6 டிகிரி அளவில் இருப்பது நல்லது என்று பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது அவ்வளவுதான். நடைமுறையில் அது கைகூடுவது அரிது என்பதால், 10 முதல் 20 டிகிரி வரை ஏற்கலாம் என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. சாய்வு கூடக் கூட கேப்பின் பிடிப்பு குறையும். மாறாகச் சுவர் உள்வாங்கி அண்டர்கட் ஆகிவிட்டால் கேப் இறங்கவே இறங்காது. இரு கண்களாலும் பார்க்கும்போது உள்வாங்கிய சுவர்கூடச் சரியாகச் சாய்ந்ததுபோல் தோன்றும் என்பதால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஆசிரியர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது ஸ்கேனர் வசதி இருக்கும் கல்லூரிகளில், மாணவர் செதுக்கிய பல்லை முப்பரிமாணப் படமாக்கி, மாதிரிப் பல்லின் படத்தோடு பொருத்தி, கூடுதலும் குறைவும் வண்ணங்களாகத் தெரியும்படி செய்ய முடிகிறது. இதிலும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். முதலாவது, சராசரி: ஒரு பக்கம் 0.4 மி.மீ. அதிகமாகவும் மறுபக்கம் அதே அளவு குறைவாகவும் ராவியவருக்கு, கூட்டிக் கழித்தால் பிழை பூஜ்யம் என்று வந்துவிடும். ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த இடத்தில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பொருத்தும் முறை: செதுக்கிய பரப்புகளையே ஒன்றோடொன்று பொருத்தினால், மென்பொருள் பிழையைப் பல்முழுதும் பரப்பி மறைத்துவிடும் என்பதால், செதுக்கப்படாத பக்கத்துப் பற்களையும் ஈறையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

உங்கள் மகள் மதிப்பெண்ணை மாற்றச் சொல்லி வாதாடுவதைவிட, புட்டியைக் கையோடு கொண்டுபோய், எந்த முகட்டில் எவ்வளவு குறைந்தது என்று இரு ஆசிரியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்துப் பல்லையும் அவர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அளவுகள் அனைத்தும் சரியாக இருந்தும் அங்கே பர் (பல்லைச் செதுக்கும் சுழல்முனை) உரசிய கீறல் தெரிந்தால், நான்கு போட்டவரின் பக்கம்தான் நானும் நிற்பேன்.