நெட் கார்ப் 3 கிராம் என்றால் என்ன கணக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. 'லோ கார்ப், சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது, நெட் கார்ப் 3 கிராம் மட்டுமே' என்று போட்ட பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அதை நம்பி தினமும் சாயந்திரம் ஆறு சாப்பிடுகிறார், சர்க்கரையோ ஏறிக்கொண்டே போகிறது. பாக்கெட்டில் பொய்யா போடுவார்கள்? பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 3 கிராமை நம்பி அப்பாவுக்கு பிஸ்கட் எண்ணிக் கொடுக்காதீர்கள். நெட் கார்ப் என்றால் மொத்த மாவுச்சத்தில் (கார்ப்) ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று அவர்கள் கருதுவதைக் கழித்த மிச்சம். நீங்கள் அனுப்பிய படத்தில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 58 கிராம், அதில் நார்ச்சத்து 24, சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால் என்ற இனிப்பூட்டி 22 என்று இருக்கிறது. இரண்டையும் முழுசாகக் கழித்தால் மிச்சம் 12. ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்கட், அதாவது 25 கிராம் என்று அவர்களே வைத்துக்கொண்டு, 12ஐ நாலால் வகுத்து 3 கிராம் என்று முன்பக்கம் பெரிசாகப் போட்டுவிட்டார்கள்.

சிக்கல் அந்தக் கழித்தலில்தான். மால்டிடால், சாதாரண சர்க்கரை ஏற்றுகிற அளவுக்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, சரி, ஆனால் அதில் ஒரு பகுதி குடலில் உடைந்து குளுக்கோஸாகவே ரத்தத்துக்குப் போகிறது. அதனால்தான் உணவியல் நிபுணர்கள் அதில் பாதியைத்தான் கழிக்கச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டால் 100 கிராமுக்கு 23 கிராம் வரும். அப்பா சாப்பிடுகிற ஆறு பிஸ்கட் 75 கிராம், அதில் மட்டும் 17 கிராம் மாவுச்சத்து, ஏறக்குறைய இரண்டு இட்லி சாப்பிட்ட மாதிரி. அதோடு முடியவில்லை. சேர்மானப் பட்டியலில் நார்ச்சத்து என்ற பெயரில் ஐசோமால்டோ ஆலிகோசாக்கரைடு இருக்கிறது, இதன் ஒரு பங்கும் செரித்து சர்க்கரையை ஏற்றும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் சில பொருட்களை நார்ச்சத்தாக ஏற்றுக்கொண்டபோது இதைச் சேர்க்கவில்லை. ஆக, 17 என்பதே குறைச்சலான கணக்கு.

இதை யாரும் தடுக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விதிகளில் 'சுகர் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, 'லோ சுகர்' என்றால் 5 கிராம். லோ கார்புக்கும் நெட் கார்புக்கும் அப்படி ஒரு வரையறை கிடையாது. பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க எண்ணும் தயாரிப்பாளரின் உரிம எண்தான், முன்பக்க வாசகத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடுத்த சான்று கிடையாது. சர்க்கரை வந்தவர்கள் பயத்தில் வாங்குகிற பொருளுக்கு ஓர் அளவுகோல்கூட இல்லாதது எனக்கு நிஜமாகவே கோபம் வரவைக்கிற விஷயம்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒருநாள் வேறெதுவும் சாப்பிடாமல் அந்த பிஸ்கட்டை மட்டும் கொடுத்து, முன்னாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். மீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்னேபின்னே இருக்கலாம், அதனால் பத்துப் புள்ளி ஏறியதற்கெல்லாம் முடிவு கட்டாதீர்கள், நாற்பது ஐம்பது ஏறினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அரிசியை விட்டுவிட்டு 'டயபடிக்' ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் என்று மாறிவிட்டேன். லோ கார்ப் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. 100 கிராம் ராகியிலேயே 67 கிராம் போல மாவுச்சத்து, அரிசியில் 78. நார்ச்சத்தும் கால்சியமும் ராகியில் அதிகம்தான், ஆனால் தட்டு நிறையச் சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்துதான் வரிசையாகப் போட வேண்டும், உங்கள் பாக்கெட்டில் முதல் பெயரே மைதாவாக இருந்தால் வாங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட ஆய்வும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறியதில் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. அளவைக் குறைத்து சுண்டல், முட்டை, காய் சேருங்கள். ஒரேயடியாகக் குறைக்க நினைத்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமெபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: அம்மா லோ சுகர் வந்தால், அதாவது ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோனால், சாப்பிட கைப்பையில் டயட் பிஸ்கட் வைத்திருக்கிறார். போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது, இன்றே மாற்றுங்கள். அந்த நேரத்தில் வேகமாக ஏற்றுவதுதான் வேண்டும், மெதுவாக ஏறட்டும் என்று செய்த பிஸ்கட் அதற்கு ஆகாது. 15 கிராம் குளுக்கோஸ் பொடியோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், 15 நிமிஷத்தில் மறுபடி பார்த்து, 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அம்மாவின் மாத்திரைச் சீட்டில் வோக்லிபோஸ் (மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் மாத்திரை) இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வைத்திருக்க வேண்டும்.