கதிர்வீச்சுக்குப் பிறகு வயிறு வீக்கம்: உங்கள் அப்பா பற்றிய கேள்விக்கு

அப்பாவுக்குக் கல்லீரல் கட்டிக்கான கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரம், வயிறு உப்புகிறது, எடை கூடுகிறது, மஞ்சள் காமாலை இல்லை, ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் (கல்லீரல் நொதி ஒன்று) மட்டும் எகிறியிருக்கிறது. கட்டி பரவிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே அப்படி முடிவுகட்டாதீர்கள். கதிர்வீச்சால் கல்லீரலுக்கு வரும் பாதிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும், பெரும்பாலும் சிகிச்சை முடிந்த 2 வாரத்திலிருந்து 4 மாதத்துக்குள். கல்லீரலின் நுண்ணிய சிரைகள் அடைபட்டு ரத்தம் தேங்குகிறது. கல்லீரல் பெருத்து வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது.

என்னை உறுத்துவது அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) உண்டு என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியது. கதிர்வீச்சுக்குப் பின் அந்த வைரஸ் மறுபடி தலைதூக்கலாம். ரத்தத்தில் அந்த வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எச்பிவி (HBV) டிஎன்ஏ பரிசோதனை செய்தார்களா? அந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோபோவிர் மாத்திரையை இடையில் நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போர்ட்டல் சிரையில் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) ரத்தக்கட்டு உண்டா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்று நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள். சிடி ஸ்கேனில் கதிர் பட்ட இடம் நிறம் மாறித் தெரியும், அதைக் கட்டி வளர்ந்ததாகத் தவறாகப் படிப்பதும் உண்டு. அதனால் கதிர் எங்கே பட்டது என்று காட்டும் கதிர்வீச்சுத் திட்ட அறிக்கையையும் கொண்டுபோங்கள்.

கதிர்வீச்சால் வரும் இந்தப் பாதிப்புக்கென்று தனி மருந்து இல்லை. உப்பைக் குறைப்பது, நீர் பிரியும் மாத்திரை, கண்காணிப்பு, அவ்வளவுதான். பலருக்குச் சில மாதங்களில் தணியும். கல்லீரல் ஏற்கனவே சுருங்கியிருந்தால் (சிரோசிஸ்) சிக்கல் அதிகம். வலிக்கு ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

காய்ச்சலோடு வயிற்றுவலி, கறுப்பு மலம், ரத்தவாந்தி, பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.