சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள்

அம்மா பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு ஓடுகிறார், பார்த்து வைத்த முதியோர் இல்லத்திலோ காலை 11 மணிக்குத்தான் வரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும்.

டிமென்ஷியா என்னும் மறதி நோயில் குழப்பமும் பதற்றமும் பலருக்குச் சாயங்காலம்தான் கூடும். சொல்லாமல் 6 மணிக்குப் போங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே பதில். விட்டால், வாசலுக்கு ஓடுகிறவரை ஆயாக்கள் கைபிடித்து நடக்க வைக்கிறார்களா, அதட்டி நாற்காலியில் கட்டி உட்கார வைக்கிறார்களா என்று பாருங்கள்.

"ராத்திரி ரொம்பப் படுத்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உடனே "மாத்திரை கொடுத்துடுவோம்" என்றால் யோசியுங்கள். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத, உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டும். அமெரிக்க மருந்துத் துறை 2005லேயே எச்சரித்தது. தேவைப்படுவதும் உண்டு. ஆனால் எழுதித் தருவது யார், உங்களைக் கேட்டுத்தான் கொடுப்பார்களா?

ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்பதையும் விடாதீர்கள். அப்பா இருந்த இடத்தில் ராத்திரி 8க்கு டயப்பர் மாற்றினால் அப்புறம் விடிந்துதான். முதுகில் படுக்கைப்புண் வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

பளபளக்கும் கிரானைட் தரையைப் பார்த்து மயங்காதீர்கள், ஈரமானால் வழுக்கும். மாதாமாதம் எடை பார்க்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.