பல மொழிகளில் பல பொருள் தரும் ஒரு சின்னச் சொல் எது?

என் பதில்: மா.

புதுச்சேரியில் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே 'சொல்தா' என்போம். பேத்தியை அவர் கூப்பிடுவது இப்படி: "மா பெத்தித், இங்க வாம்மா." முதல் மா பிரெஞ்சு, 'என்' என்று பொருள்; பெத்தித் என்றால் சின்னவள். பெண்பால் சொல்லுக்கு முன்னால்தான் வரும்; பேரன் என்றால் 'மோன் பெத்தி' ஆகிவிடும். கடைசியில் இருப்பது நம்ம அம்மா.

தமிழுக்குள்ளேயே எத்தனை மா! மாமரம், அரிசி மா, மாநகரில் வரும் 'பெரிய'. சங்கப் பாடல்களில் விலங்கு, பல இடங்களில் குதிரை. எனக்கு ரொம்பப் பிடித்தது பழைய கணக்கில் வரும் மா. அது 1/20. காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16, அதன் பெயர் மாகாணி. கூட்டலைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், எவ்வளவு அழகு! நிலத்திலும் அதே கணக்குதான்: 20 மா ஒரு வேலி. காரைக்கால் பக்கம் வயலை மா கணக்கில்தான் பேசுவார்கள்.

கடலூர் திருவந்திபுரம் கோயிலுக்குப் போகும் வைணவர்களுக்கு இன்னொரு மா தெரியும். கீதையில் கண்ணன் 'என்னையே சரணடை' என்று சொல்லும் சரம சுலோகம் 'மா சுச:' என்று முடியும். வருந்தாதே என்று அர்த்தம். இங்கே மா தடுக்கும் சொல். அதே வடமொழியில் திருமகளுக்கும் மா என்று பெயர் உண்டு. மாதவன் என்றால் அவள் கணவன்.

இத்தாலியில் மா 'ஆனால்', ஜப்பானியத்தில் 'இடைவெளி'. சீன மாண்டரினில் குரலை ஏற்றி இறக்குவதில் பொருள் மாறும்: ஒரே மட்டத்தில் உயர்த்திச் சொன்னால் அம்மா, ஏற்றினால் சணல் வகைச் செடி, தாழ்த்தி எடுத்தால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது.

சீனத்திலும் குதிரை, சங்கத்தமிழிலும் குதிரை என்றதும் இரண்டும் ஒரே வேர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இவ்வளவு குட்டிச் சொல் தற்செயலாக ஒத்துப்போவது சகஜம். சரி, அம்மாவுக்கு மட்டும் ஏன் இத்தனை மொழிகளில் ம? உதட்டைச் சேர்த்தாலே வரும் ஒலி, குழந்தைக்கு எளிது. பால் குடிக்கும்போது முனகுவதும் இந்த ஒலியில்தான் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். அதற்காக அந்த ஒலி எங்கும் அம்மாவையே குறிக்கும் என்றும் இல்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு அவர்கள் சொல்வது 'தெதா'. நம் வீடுகளில் மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவர்.