வயிற்றுவலி நடிப்பா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. தேர்வு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். கை ஜில்லிட்டுப்போகிறது. ஸ்மார்ட் வாட்ச் 110 துடிப்பு காட்டுகிறது. விடுமுறையில் ஒன்றுமே இல்லை. நடிக்கிறாளா டாக்டர்?

பதில்: கையை ஜில்லிட வைத்து யாராலும் நடிக்க முடியாதம்மா. பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும்; இதயம் படபடக்கும், தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறையும். வலி நிஜம்தான். அந்த வயதில் மேடையேறும் முன் மூன்று முறை கழிவறைக்கு ஓடியவன் நான்!

இன்னொன்று. தவறு செய்த 0.1 நொடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழும்; மூளையின் மின் துடிப்பைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனையில் அது தெரியும். பதற்றம் அதிகமுள்ள பிள்ளைகள் பலரிடம் அது பெரிதாக இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால், அதை வைத்து ஒரு பிள்ளையை எடைபோட முடியாது. இ.இ.ஜி. எடுக்க ஓடாதீர்கள்.

வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். எண்ணைப் பார்த்தே துடிப்பு ஏறும். தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலோ, ஹீமோகுளோபின் குறைந்தாலோகூடப் படபடப்பு வரும். தூக்கம் கெட்டாலோ, பள்ளியைத் தவிர்க்கத் தொடங்கினாலோ மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுவழிச் சிகிச்சை இந்த வயதில் நன்றாகவே பலன் தரும்.