ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தொட்டி: இரண்டு இன்லெட் இருந்தால் அவுட்லெட்டில் என்ன கொடுப்பது?

தொட்டிக்குள் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் உங்க மாடலில், அவுட்லெட்டில் வேகத்தை எடுத்துவிட்டு கேஜ் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தை 0 என வைத்து அளப்பது) 0 கொடுங்க. மாவுப்பால், தண்ணீர் இரண்டு இன்லெட்டிலும் வேகம், வெளியேறும் குழாயிலும் வேகம் என்று மூன்றையும் கட்டிவிட்டீங்க. அடர்த்தி மாறாத ஓட்டத்தில் வரவும் செலவும் கொஞ்சம் பிசகினாலும் தீர்வே கிடையாது. கன்டினியூட்டி ரெசிடுவல் (நிறைச் சமன்பாட்டில் மிஞ்சும் பிழை) இறங்காமல் நிற்க அதுதான் காரணமாக இருக்கும்.

இன்லெட்டில்தான் யோசிக்கணும். தனித்தனி பம்ப் என்றால் வேகமே சரி. ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் இரண்டாகப் பிரிகிறதா? அப்படியானால் எதில் எவ்வளவு போகும் என்பதை நீங்க திணிக்கக் கூடாது, அது விடையாக வரவேண்டியது. பிரியும் இடத்தையும் மெஷ்ஷில் (கணக்குக்கான கட்ட வலையில்) சேர்த்து ஒரே இன்லெட் ஆக்குங்க. இரண்டிலும் மொத்த அழுத்தம் (நிலை அழுத்தமும் வேகத்தால் வரும் அழுத்தமும் சேர்ந்தது) கொடுக்கலாம், ஆனால் கணக்கிடும் சால்வர் விடைக்கு வராமல் அடம்பிடிக்கும்.

ஓடி முடிந்ததும் இன்லெட் நிறை ஓட்டங்களைக் கூட்டி அவுட்லெட்டோடு ஒப்பிடுங்க. அவுட்லெட்டில் பின்னோட்டம் தெரிந்தால் குழாயை விட்டத்தின் 10 மடங்கு நீட்டிப் பாருங்க.

தொட்டி மேலே திறந்ததுதானே? மட்டம் நிலையாக இருந்தால் மேல்பரப்பை ஸ்லிப் சுவராக (உராய்வில்லாத சுவராக) வைக்கலாம். ஏறி இறங்கினால் நீர்-காற்று எல்லையைத் தொடர்ந்து கணக்கிடும் விஓஎஃப் முறைதான் வழி. மாவு அடியில் படிவது ஒற்றை அடர்த்தி மாடலில் தெரியவே தெரியாது.