வெளியுறவு அமைச்சரின் பயணம்: எதற்காக, யார் கணக்கில்?

ஒன்றிய அரசின் கணக்குப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எல்லா நாட்டிலும் நமக்குத் தூதர் இருக்கிறாரே ஐயா. அமைச்சரும் ஏன் போக வேண்டும்? (திருச்சி)

டெல்லி சொன்னதைத்தான் தூதர் பேச முடியும். அந்த இடத்திலேயே முடிவெடுத்து வாக்குக் கொடுக்க அமைச்சரால்தான் முடியும்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அங்கே 1.7 லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சராக இருந்த ஐ.கே.குஜ்ரால் பாக்தாத்துக்கே போய் சதாம் உசேனைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படம் வெளியாகி, கடும் விமர்சனம் கிளம்பியது. ஆனால் நம் ஆட்கள் வெளியேற வழி திறந்தது. ஜோர்டானின் அம்மானிலிருந்து நூற்றுக்கணக்கான விமானங்களில் ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த ஒரு பயணத்தின் செலவை யாராவது இன்று குறை சொல்வார்களா?

கேள்வி: இப்போதுதான் வீடியோ கால் இருக்கிறதே? (கோவை)

கொரோனா காலத்தில் அதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். 2020 ஜூன் 15 இரவு லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய கல்வானில் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். இரண்டே நாளில் ஜெய்சங்கரும் சீன அமைச்சர் வாங் யீயும் போனில் பேசினார்கள். எல்லையில் பதற்றம் குறையவில்லை. செப்டம்பர் 10 அன்று மாஸ்கோவில் இருவரும் நேரில் உட்கார்ந்த பிறகுதான் ஐந்து அம்ச உடன்பாடு ஒன்று எழுத்தில் வந்தது. அதுவும் உடனே எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ரோந்து பற்றிய ஏற்பாடு வர 2024 அக்டோபர் ஆகிவிட்டது. ஆனாலும் அடுத்தடுத்த பேச்சுகளில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் இருந்தது. போனில் பேசும்போது இரண்டு தரப்பும் எழுதி வைத்ததைத்தான் வாசிக்கும்.

கேள்வி: தனி விமானமா சார்? (சேலம்)

பிரதமர் போகும் பெரிய போயிங் 777 இவருக்கு இல்லை. பெரும்பாலும் சாதாரணப் பயணிகள் விமானம்தான், தேவைப்பட்டால் விமானப்படையின் சிறிய ஜெட். 2018 ஜூனில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அப்படியொரு ஜெட்டில் தென்னாப்பிரிக்கா போனார். ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் பறக்க முடியாமல் திருவனந்தபுரத்திலும் மொரீஷியஸிலும் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது.

கேள்வி: ஒரு பயணத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? யார் தருகிறார்கள்? (மதுரை)

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செலவு ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை.

அமைச்சரின் சம்பளம், படி, பயணம் எல்லாம் 'அமைச்சரவை' என்ற மானியக் கோரிக்கையில் (செலவுக்காக நாடாளுமன்றத்திடம் அரசு பணம் கேட்கும் பட்டியல்) வரும். அது உள்துறை சார்ந்த கோரிக்கைகளோடு இருக்கும். 2025-26 பட்ஜெட்டில் எல்லா அமைச்சர்களுக்கும் சேர்த்து அதில் சுமார் 619 கோடி ரூபாய். முன்னாள் பிரதமர்களின் படிகளும் முக்கியப் பிரமுகர்களுக்கான சிறப்பு விமானச் செலவும் அதற்குள்ளேயே அடக்கம். கூடப் போகும் அதிகாரிகளின் டிக்கெட்டும் தினப்படியும் வெளியுறவுத் துறைக் கணக்கு. போகிற ஊரில் கார், விருந்து என்று நம் தூதரகம் செய்வது தூதரகக் கணக்கு. சில நேரம் காரும் பாதுகாப்பும் தங்குமிடமும் அழைத்த நாடே கொடுத்துவிடும். இப்படிச் சிதறிக் கிடப்பதால்தான் யார் கேட்டாலும் ஒரே தொகையாகப் பதில் வருவதில்லை. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. பிரதமரின் பயணங்களுக்குத் தனி விமானச் செலவை அவர் அலுவலக இணையதளத்தில் பயணவாரியாகப் போடுகிறார்கள். அமைச்சருக்கும் அதுபோல ஒரே பட்டியலில் வர வேண்டும்.

அளவும் தெரிந்திருக்கட்டும். அதே ஆண்டில் வெளியுறவுத் துறைக்கு மொத்த ஒதுக்கீடு சுமார் 20,500 கோடி. ஒன்றிய அரசின் ஒவ்வொரு 100 ரூபாய்ச் செலவிலும் இது 40 பைசா. உலகம் முழுக்க உள்ள தூதரகங்களும் பூட்டானுக்குத் தரும் 2,150 கோடி உதவியும் இதற்குள்தான். அமைச்சரின் டிக்கெட் வேறு கணக்கில் வந்தாலும், இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை. அதற்காகக் கணக்குக் கேட்காமல் இருக்கலாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கேள்வி: கொழும்புக்கு அடிக்கடி போகிறார். எங்களுக்கு என்ன கிடைத்தது? (ராமேஸ்வரம்)

நியாயமான கேள்வி அண்ணே. 2021 ஜனவரியில் போனபோது மாகாணங்களுக்கு அதிகாரம் தரும் இலங்கை அரசியலமைப்பின் 13-வது திருத்தத்தையும் அதிகாரப் பகிர்வையும் வெளிப்படையாகப் பேசினார். 2023 ஜனவரியில் ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) இலங்கைக்குக் கடன் தரத் தேவைப்பட்ட, பழைய கடனைச் சீரமைக்க உதவுவோம் என்ற இந்தியாவின் உறுதியை மற்ற நாடுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டுப் போனார். இலங்கைக்கு அது பெரிய உதவி. 2024 அக்டோபர் 4 அன்று புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவைச் சந்தித்த நாளிலேயே நம் மீனவர்கள் 50 பேர் விடுதலையானார்கள்.

ஆனால் கைது நிற்கவில்லை, பிடிபட்ட படகுகளும் கரையில் கிடந்து மக்குகின்றன. நல்லெண்ணமாக விடுவிப்பது வேறு, தீர்வு வேறு. உங்களைப் பொறுத்தவரை அந்தப் பயணங்கள் பாதி வேலையைக்கூட முடிக்கவில்லை என்பதுதான் என் கருத்து.

கேள்வி: சாதாரண ஆள் கணக்குக் கேட்க முடியுமா? (தஞ்சாவூர்)

தாராளமாக. அமைச்சர்களின் அரசுப் பயணங்களைத் துறைகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2012-லேயே ஒன்றிய அரசின் அறிவுறுத்தல் இருக்கிறது. எங்கே, எத்தனை நாள், எத்தனை பேர், மொத்தச் செலவு எவ்வளவு என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நான் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் 'பயணச் செலவு விவரம் தரவும்' என்று மட்டும் எழுதி, 'எங்களிடம் தொகுக்கப்பட்ட விவரம் இல்லை' என்ற ஒரு வரியை வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால் தேதியும் நாடும் குறிப்பிட்டு, விமானம், தங்குமிடம், தினப்படி, தூதரகம் செய்த செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் அந்தச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டி வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்பார்கள். ஹோட்டல் பில்லுக்கு அந்தக் காரணம் சொன்னால் விடாமல், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டுவிடுங்கள்.